எதிரியின் சோதனைக்கு மதிப்பெண் போடாதீர்கள்

"பகை நாடு அதிகாலையில் ஓர் ஏவுகணையை ஏவிவிட்டது. இப்போது நீங்கள்தான் அரசு. என்ன செய்யப் போகிறீர்கள்?" வெளியுறவு, பாதுகாப்புப் பணிகளுக்குப் புதிதாக வருகிறவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து இப்படிக் கேட்கும் பயிற்சியைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சென்ற முறை ஓர் இளைஞர் பத்தே நிமிடத்தில் அறிக்கையை எழுதி நீட்டினார். இரண்டாவது வரி: "இந்தச் சோதனை படுதோல்வி அடைந்தது." சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல வருடங்களுக்கு முன்பு, இதே மாதிரி ஒரு மேசையில் நான் எழுதிய வரி அது.

நிதானம் இழக்காதீர்கள், 'போர்' என்ற சொல்லை எடுக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறவரை நான் எழுதித் திருத்த முடியாது.

எதிரியின் விடைத்தாளைத் திருத்துவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைய பயிற்சியில் நான் அரசின் செய்தித் தொடர்பாளர். எதிரணி ஏவிய ஏவுகணை பாதி வழியில் கடலில் விழுந்தது. நான் அதோடு விடவில்லை. எத்தனையாவது வினாடியில் கோளாறு வந்தது, எந்த அடுக்கு பிரியவில்லை என்பதையெல்லாம் அறிக்கையில் சேர்த்தேன். நமக்கு எல்லாம் தெரியும் என்று உலகம் அறியட்டுமே என்ற பெருமை. எதிரணியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார். அதைப் படித்துவிட்டு அரை மணி நேரத்தில் இரண்டாவது ஏவுகணையை விட்டார். இந்த முறை முழுத் தூரம். பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, உங்க ராடார் என்னவெல்லாம் பாக்குதுன்னு நான் கேக்கவே இல்ல. நீங்களா எழுதிக் குடுத்துட்டீங்க."

ஒரே வரியில் இரண்டு நஷ்டம். நம் கண்காணிப்புக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்பதை எதிரிக்குக் காட்டிவிட்டேன். அடுத்து எதை நிரூபிக்க வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்துவிட்டேன். சோதனை நடத்துகிற அரசுக்குத் தன் மக்கள், தன் தளபதிகள் முன்னால் மானப் பிரச்சினை உண்டு. "உன்னால் முடியவில்லை" என்று வெளியே இருந்து ஒருவர் சொன்னால், அங்கே 'போதும், நிறுத்தலாம்' என்று நினைக்கிற ஒருவர் இருந்தாலும் அவர் வாயை மூடிக்கொள்வார்.

மேசைப் பயிற்சியோடு முடிகிற விஷயம் இல்லை இது. 2016 ஜனவரியில் வட கொரியா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்ததாக அறிவித்தது. நில அதிர்வு 5.1 தான், அதை வைத்து, அவர்கள் சொல்வது பொருந்தவில்லை என்று வெள்ளை மாளிகை வெளிப்படையாகவே சொன்னது. கணிப்பில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2017 செப்டம்பரில் அதே புங்கியே-ரி சோதனைத் தளத்து மலைக்கடியில் நடந்த சோதனை 6.3 அதிர்வைக் கொடுத்தது. முதல் மறுப்புதான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எப்படியும் செய்திருப்பார்கள். ஆனால் மறுத்ததால் என்ன லாபம் கிடைத்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2022 டிசம்பர் இன்னும் தெளிவான உதாரணம். உளவுச் செயற்கைக்கோளுக்கான சோதனை என்று சொல்லி வட கொரியா சில கறுப்பு வெள்ளைப் படங்களை வெளியிட்டது. படம் மட்டம் என்று தென் கொரியாவில் நிபுணர்கள் கேலி செய்தார்கள். ஏவுகணையின் முனை வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது தாங்குமா என்ற சந்தேகமும் ஏற்கெனவே எழுப்பப்பட்டிருந்தது. வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன்னின் தங்கை கிம் யோ-ஜோங் வசைமாரியோடு பதில் சொன்னார்: சந்தேகம் இருந்தால் செங்குத்தாக அல்லாமல் வழக்கமான சாய்வுக் கோணத்திலேயே ஏவிக் காட்டுகிறோம், அப்போது தெரியும் என்று. பேசியது அரசு அல்ல, நிபுணர்கள்தான். ஆனால் எல்லைக்கு அப்பால் அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான், அரசுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் அன்று மாலை தொலைக்காட்சி விவாதத்தில் போய் உட்காரக் கூடாது என்று பயிற்சியில் அடம்பிடிக்கிறேன்.

அவசர மதிப்பெண்ணில் மூன்றாவது நஷ்டமும் உண்டு: எழுதியதை அழிக்க வேண்டிவரும். 2017 ஜூலை 4 அன்று வட கொரியா ஏவிய ஏவுகணையை அமெரிக்க ராணுவம் முதலில் நடுத்தர தூர வகை என்றது. அது செங்குத்தாக ஏறி, சுமார் 2,800 கிலோமீட்டர் உயரம் தொட்டு, 930 கிலோமீட்டர் தள்ளி மட்டுமே விழுந்தது. ஆனால் அவ்வளவு உயரம் போவது, சாய்த்து ஏவினால் பல ஆயிரம் கிலோமீட்டர் போகும். அதே நாள் முடிவதற்குள், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அது என்று வெளியுறவு அமைச்சர் டில்லர்சன் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏவியவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் கொடுப்பார்?

சரி, எப்படி எழுதலாம்? பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை 1949 ஆகஸ்ட் 29 அன்று வெடித்தது. செப்டம்பர் 3 அன்று அமெரிக்க விமானம் ஒன்று காற்றில் கதிரியக்கத் தூசியைப் பிடித்தது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் உடனே வாய் திறக்கவில்லை. செப்டம்பர் 23 அன்றுதான் அறிவித்தார். அதிலும் சொன்னது, அண்மை வாரங்களில் சோவியத் ஒன்றியத்தில் ஓர் அணு வெடிப்பு நிகழ்ந்ததற்குச் சான்று இருக்கிறது என்று மட்டும். குண்டு என்று சொல்லவில்லை, வெடிப்பு என்றார். எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களை இந்த அறிக்கையைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

உடனே ஒருவர் கை தூக்குவார்: மக்கள் பயந்து கிடக்கும்போது, அது தோற்றுப்போன சோதனை என்று சொல்லி ஆறுதல் தரக் கூடாதா? ஆறுதல் தாருங்கள், ஆனால் நம்மைப் பற்றிச் சொல்லித் தாருங்கள். நம் எல்லைக்குள் எதுவும் விழவில்லை, விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் தகவல் போய்விட்டது, இந்த ஏவுதல் ஐ.நா.வின் இன்ன தீர்மானத்தை மீறுகிறது. அது போதும். அணு வெடிப்பு என்றால் உலகெங்கும் உள்ள நில அதிர்வு நிலையங்கள் அளவைச் சொல்லிவிடும். அதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். நம் மதிப்பீட்டை நட்பு நாடுகளிடம் மூடிய அறையில் பேசிக்கொள்ளலாம்.

கப்பல் எங்கே இருக்கிறது?

படையை அனுப்புகிறோம் என்று அறிவிக்கும் முன் இதைக் கேளுங்கள். 2017 ஏப்ரலில் வட கொரியாவை நோக்கிப் பெரும் படையே போகிறது என்று டிரம்ப் பேசிக்கொண்டிருந்தபோது, கார்ல் வின்சன் விமானந்தாங்கிக் கப்பல் எதிர்த் திசையில் இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையைக் கடந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையே படம் போட்டுக் காட்டியது.

பதிலுக்கு நாமும் ஒன்று விடலாம்

விடலாம், சரியாகப் பறக்கும் என்றால். 2022 அக்டோபரில், ஜப்பானைத் தாண்டிப் போன வட கொரிய ஏவுகணைக்குப் பதிலாகத் தென் கொரியா இரவில் ஏவிய ஹியுன்மூ ஏவுகணை, காங்நுங் நகரத்துத் தளத்துக்குள்ளேயே விழுந்து எரிந்தது. ராணுவம் காலை வரை வாய் திறக்கவில்லை. தீயைப் பார்த்த ஊர் மக்கள், போர் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் பதறிப்போனார்கள்.

அபாயச் செய்தி

அனுப்பத் தெரிந்தால் போதாது, திரும்பப் பெறவும் தெரிய வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஹவாயில், ஏவுகணை வருகிறது என்று தவறுதலாகப் போன எச்சரிக்கையைத் திரும்பப் பெற 38 நிமிடம் ஆயிற்று.

வாக்குகளை எண்ணாமல் தீர்மானம்

2022 மே மாதம் வட கொரியா மீது கூடுதல் தடை கோரிய தீர்மானத்துக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையில் 13 நாடுகள் ஆதரவு. சீனாவும் ரஷ்யாவும் ரத்து (வீட்டோ) அதிகாரத்தைப் பயன்படுத்தின. இனி புதிய தடை எதுவும் வராது என்று அன்று பியோங்யாங்குக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

வாய்வார்த்தையில் விட்ட இடைவெளி

2012 பிப்ரவரி 29 உடன்பாட்டில் நீண்ட தூர ஏவுகணைச் சோதனையை நிறுத்த வட கொரியா ஒப்புக்கொண்டது. அமெரிக்கா 2,40,000 டன் ஊட்டச்சத்து உணவு தருவதாக இருந்தது. செயற்கைக்கோள் ராக்கெட்டும் இதில் அடங்குமா? பேச்சில் சொன்னோம் என்றது அமெரிக்கா. எழுத்தில் இல்லை. ஏப்ரல் 13 அன்று ராக்கெட் கிளம்பியது, சில நிமிடங்களில் உடைந்தும் போனது. உடன்பாடும் அதோடு போயிற்று.

தொலைபேசியை மறப்பது

பரம வைரிகளான இந்தியாவும் பாகிஸ்தானும்கூட 2005இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: பாலிஸ்டிக் ஏவுகணை, அதாவது உயரே எழும்பி வளைந்து வந்து விழுகிற வகை, சோதனை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும். விமானம்போலப் பறந்து போகிற க்ரூஸ் ஏவுகணை அதில் சேராது. அந்த ஓட்டை 2022 மார்ச் 9 அன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. சோதனைகூட இல்லை, தவறுதலாக இந்தியாவிலிருந்து கிளம்பிய வெடிபொருள் இல்லாத பிரமோஸ் க்ரூஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் விழுந்தது. இந்தியா விளக்கம் தர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பாகிஸ்தான் பொறுத்தது. எல்லோரும் எப்போதும் பொறுப்பார்கள் என்று நம்பி நான் திட்டம் போட மாட்டேன்.

பயிற்சி அறையில் மேசையோரமாக ஒரு தொலைபேசி வைப்பேன். எதிரணியின் அறைக்கு நேரே போகும். அது எதற்கு என்று காலையிலேயே சொல்லியும் விடுவேன். சென்ற முறையும் மாலை வரை யாரும் அதை எடுக்கவில்லை. அறிக்கை மட்டும் ஆறு வெளியாகியிருந்தது.