அராக் பஞ்ச்: காக்டெயிலுக்கு முந்தைய கிண்ணத்தை வீட்டில் கலக்கும் முறை

இன்றைய பார்களில் ஆளுக்கொன்றாகக் குலுக்கி ஊற்றித் தரப்படும் காக்டெயிலுக்கு முன்னோடி, பெரிய கிண்ணத்தில் கலந்து வைத்துப் பலர் சுற்றி அமர்ந்து அகப்பையால் மொண்டு குடித்த பஞ்ச் ஆகும். 1632இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் சோழமண்டலக் கரையில் இருந்த வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதன் பெயர் வருகிறது. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரும் ஒயினும் வெப்பத்தில் கெட்டுப்போக, உள்ளூர்ச் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, சாதிக்காய் ஆகிய அனைத்தும் கடைத்தெருவிலேயே கிடைத்ததால், மாலுமிகளும் கிடங்குக் கணக்கர்களும் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு பானத்தை அமைத்துக்கொண்டனர். அதை அன்றைய முறைக்கு நெருக்கமாக இன்றும் எளிதில் கலக்கலாம்.

முதலில் சாராயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கள்ளச்சாராயமே நினைவுக்கு வருவதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது: இங்கே குறிப்பிடப்படுவது உரிமம் பெற்ற ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்து விற்கப்படும் இலங்கை அராக். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள், காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே பொங்கத் தொடங்கி, விட்டுவைத்தால் காடியாகிவிடும். ஆகவே அதைக் காலம் தாழ்த்தாமல் வடித்துவிடுகிறார்கள். நல்ல வகைகளை அதன்பின் பெரிய மரத்தொட்டிகளில் ஊறவிடுகிறார்கள். விலை குறைந்த பலவற்றில் மணமற்ற எரிசாராயம் கலந்திருக்கும் என்பதால், முழுக்கத் தென்னங்கள்ளிலிருந்து வடித்தது என்று சீட்டில் எழுதியிருக்கும் புட்டியையே வாங்குங்கள். ஜாவாவின் பட்டாவியா அராக் கரும்புப்பாகையும் நொதித்த அரிசியையும் கொண்டு செய்யப்படுவது. அதன் மணம் மிகக் கடுமையானது. மேற்காசியாவின் சோம்பு மணக்கும் அரக்குக்கும் இவ்விரண்டுக்கும் பெயரளவில்தான் உறவு. அராக் கிடைக்காத ஊரில் டார்க் ரம் போதும், ஏனெனில் பஞ்ச் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது அங்கும் அராக்கின் இடத்தை ரம்மே பிடித்துக்கொண்டது.

சுமார் இருபது சிறு கோப்பைகளுக்கு 750 மில்லி அராக், 180 கிராம் சர்க்கரை, பத்துப் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களிலிருந்து பிழிந்த 180 மில்லி சாறு, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு முழுச் சாதிக்காய் ஆகியவை வேண்டும். தண்ணீரில் பாதியை மெல்லிய கறுப்புத் தேநீராக மாற்றிக்கொள்ளலாம். 1632இல் அந்தக் கிண்ணத்தில் தேயிலை இருந்திருக்காது, அது பின்னாளில் சேர்ந்த பழக்கம். ஆயினும் அதன் துவர்ப்பு அராக்கின் தேங்காய் வாசனைக்கு மிகவும் ஒத்துப்போகிறது என்பது என் கருத்து.

இந்தப் பானத்தின் சூட்சுமம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது. சாறு பிழிவதற்கு முன்பே ஆறு பழங்களின் தோலை, உட்பக்கத்து வெண்மை ஒட்டாமல், மெல்லிய நாடாக்களாகச் சீவி எடுங்கள். நம் நாட்டு எலுமிச்சையின் தோல் மெல்லியது என்பதால் கத்தியை விடத் தோல்சீவியே நல்லது, கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கசப்பு வந்துவிடும். அந்த நாடாக்களைச் சர்க்கரையோடு சேர்த்து, மத்தின் அடிப்பக்கத்தாலோ மரக்கரண்டியாலோ அழுத்தித் தேய்த்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். திறக்கும்போது சர்க்கரை ஈரமணல் போல நிறம் மாறி, பாத்திரத்தின் அடியில் பளபளப்பான எண்ணெய் கசிந்து, அறை முழுவதும் மணக்கும். சாறு புளிப்பை மட்டுமே தரும். பழத்தின் வாசனை இந்த எண்ணெயில்தான் இருக்கிறது. அவசரப்படுபவர்கள் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் மதுவை ஊற்றியது போன்ற ஒன்றைக் குடித்துவிட்டு பஞ்சைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்ததாகச் சேர்க்கும் வரிசையும் முக்கியம். எலுமிச்சைச் சாற்றை அந்தச் சர்க்கரையின் மேல் ஊற்றி, கரண்டியில் நறநறப்பு தட்டாத வரை கலக்கிய பிறகு தோலை வடித்து நீக்குங்கள். அதன்பின் அராக், கடைசியில் ஆறவைத்த தேநீரும் தண்ணீரும். சாராயத்தில் சர்க்கரை எளிதில் கரையாது என்பதால் இந்த வரிசையை மாற்றினால் அடியில் இனிப்புத் தங்கி, முதல் கோப்பை காரமாகவும் கடைசிக் கோப்பை பாகாகவும் முடியும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் முக்கால் பங்கை ஊற்றியபின் ருசி பாருங்கள்.

40 சதவீத வலிமையுள்ள அராக்கை இவ்வாறு கலந்தால் கிண்ணத்தின் வலிமை ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு இறங்கி ஒயினுக்கு நிகராக நிற்கும். புளிப்பும் இனிப்பும் அந்த வலிமையை மறைத்துவிடுவதால், 100 மில்லிக்கு மேல் பிடிக்காத கோப்பைகளை வைப்பதே முறை. சாதிக்காயைப் பொடியாக வாங்காமல், பரிமாறும் நேரத்தில் கிண்ணத்தின் மேலேயே துருவ வேண்டும்.

தொடக்ககாலப் பஞ்சில் பனிக்கட்டி கிடையாது. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கரின் பனிக்கட்டி வணிகத்தால் அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிப்பாளங்கள் 1833இல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. சென்னையில் அவற்றைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம், அந்தப் பகுதியை ஊர் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை: ஓர் எவர்சில்வர் டப்பாவில் தண்ணீரை முந்தைய இரவே உறையவைத்து, ஒரே பாளமாகக் கிண்ணத்தில் இறக்குங்கள். சிறு கட்டிகள் விரைவில் உருகிப் பானத்தை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

பனிக்கட்டி தாராளமாகக் கிடைத்ததும் அமெரிக்க பார்களில் கிண்ணம் ஒற்றைக் குவளையாகச் சுருங்கியது. அதற்கு முன்பே, 1806இல், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்பது மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்த கசப்புச் சாறு) ஆகியவற்றின் கலவை என்று விளக்கியது. எலுமிச்சை விடைபெற, சாதிக்காயின் வேலையைப் பிட்டர்ஸ் ஏற்றுக்கொண்டது என்றே அதை நான் படிக்கிறேன். 1862இல் ஜெர்ரி தாமஸ் நியூயார்க்கில் வெளியிட்ட பார்டெண்டர் கையேட்டில்கூடப் பஞ்ச் வகைகளுக்கே பெரும் இடம் இருந்தது, அராக் பஞ்ச் உட்பட.

விருந்தினர் குறைவாக வருவார்கள் என்று தெரிந்தால், பனிக்கட்டியும் சாதிக்காயும் சேர்க்கும் முன்பே ஒரு லிட்டரைத் தனியே எடுத்து வையுங்கள்; அதைப் பாலால் தெளியவைத்துச் சேமிக்கலாம். 250 மில்லி முழுக்கொழுப்புப் பாலைச் சூடாக்கி, அதில் பஞ்சை மெதுவாக ஊற்றினால் பால் திரியும்; பாலைப் பஞ்சில் ஊற்றினால் திரி (திரிந்த பாலின் கட்டி) சீராக அமையாது. அரை மணி நேரம் கழித்து மல்துணியில் வடித்து, முதலில் கலங்கலாக இறங்குவதை அதே திரியின் மேல் மீண்டும் ஊற்றுங்கள். தேநீரின் துவர்ப்பையும் நிறத்தில் பெரும்பகுதியையும் திரி பிடித்துக்கொள்ள, கீழே சொட்டுவது வெளிர்பொன் நிறத்தில் தெளிந்திருக்கும். அதைக் கழுவி உலர்த்திய புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் கெடாது.