சைக்கிள் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயை வீட்டிலேயே அறுப்பது எப்படி?

புதிய ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின்) ஸ்டீரர் குழாய், அதாவது சட்டத்தின் வழியே மேலேறி ஹேண்டில்பாரோடு இணையும் குழாய், எந்த உயரச் சட்டத்துக்கும் பொருந்தட்டும் என்று நீளமாகவே வருவதால், மிகுதியை நாம்தான் அறுத்தெடுக்க வேண்டும். மேல்பகுதி 28.6 மி.மீ. விட்டமுள்ள, வெளிப்புறம் மரையிடாத குழாய்களுக்கே இந்த முறை பொருந்தும். அறுப்பதைவிட அளப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நீளமாக விட்டதை மறுபடி அறுக்கலாம், குட்டையானதை நீட்ட வழியில்லை.

முதலில், கீழ் பேரிங் உட்காரும் வளையத்தை ஃபோர்க்கின் அடியில் முழுவதுமாக இறக்குங்கள்; அது சற்றே தூக்கி நின்றாலும் அளவு பிழைத்துவிடும். பிறகு ஃபோர்க்கைச் சட்டத்தில் நுழைத்து, ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி), ஸ்பேசர்கள் (உயரம் கூட்டும் வளையங்கள்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைக் குழாயோடு இணைக்கும் பாகம்) ஆகியவற்றை வரிசையாக ஏற்றி, இடைவெளி இல்லாதபடி கையால் அழுத்திக்கொண்டு, ஸ்டெம்மின் மேல்விளிம்பை ஒட்டிக் குழாயில் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 3 மி.மீ. கீழே இன்னொரு கோடு கிழித்து, அங்கேதான் அறுக்க வேண்டும். குழாயின் விளிம்பு ஸ்டெம்முக்குள் சற்று அமிழ்ந்திருந்தால்தான் டாப் கேப் (மேல்மூடி) குழாயில் முட்டாமல் ஸ்டெம்மை அழுத்தும். ஹேண்டில்பார் உயரம் இன்னும் முடிவாகவில்லை என்றால், ஸ்டெம்முக்கு மேலும் சில ஸ்பேசர்களைப் போட்டு, மேல் ஸ்பேசரின் விளிம்பிலிருந்து அளந்து அறுத்துவிட்டு, சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஃபோர்க்கைக் கழற்றி, அறுபட்டு விழப்போகும் மேல்பகுதியை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் பிடியுங்கள். அறுக்கும் கோட்டின் இருபுறமும் ஹோஸ் கிளாம்ப் (ரப்பர் குழாயை இறுக்கும் உலோக வளையம்) ஒவ்வொன்றை முடுக்கினால், இடையிலுள்ள சந்து ஹேக்ஸாவுக்கு நேர்வழி காட்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போதும். அவசரமின்றி, முழு நீளத்துக்கும் இழுத்து அறுங்கள்.

கார்பன் குழாய்க்குத் தனி எச்சரிக்கை தேவை. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் என்95 முகக்கவசம் அணிந்து, வெட்டுமிடத்தை நீரால் நனைத்துக்கொண்டே அறுக்க வேண்டும். அறுக்கும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் சுற்றி, முக்கால் பங்கு அறுத்ததும் குழாயைத் திருப்பி எதிர்ப்புறமிருந்து முடித்தால் இழைகள் பிரியாது.

அலுமினியத்திலும் எஃகிலும் பிசிறுகளை உள்ளும் வெளியும் அரத்தால் நீக்கி, ஸ்டார் நட்டை (டாப் கேப்பின் போல்ட்டைப் பிடிக்கக் குழாய்க்குள் இறக்கும் நட்சத்திர வடிவ நட்டை) விளிம்பிலிருந்து 15 மி.மீ. ஆழத்துக்கு நேராக அடித்து இறக்குங்கள். கார்பனில் விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். ஸ்டார் நட்டை ஒருபோதும் அடிக்காமல், தயாரிப்பாளர் தரும் விரியும் பிளக்கையே பொருத்த வேண்டும்.

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, ஹெட்செட்டின் ஆட்டம் நிற்கும்வரை மட்டும் டாப் கேப்பை முடுக்குங்கள். அதன்பின் ஸ்டெம்மை நேராக்கி, அதன் பக்கவாட்டு போல்ட்டுகளை அதில் அச்சிட்ட முறுக்குவிசை அளவுக்கு இறுக்குங்கள். டாப் கேப்பை முழுவதும் முடுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், அது குழாயில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் ஸ்டெம்முக்கு மேலே மெல்லிய ஸ்பேசர் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும்.