ஈயக்குண்டு சரியாக வரவில்லையா? உடனே அரத்தை எடுக்காதீர்கள்

தூண்டிலுக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே வார்ப்பவர்களில் பலர், குண்டு அரைகுறையாக வந்ததும் அச்சைத்தான் குறை சொல்கிறார்கள். அரத்தை எடுத்து உள்பக்கத்தைத் தேய்ப்பார்கள், பிசிறு வரும் இடத்தைச் சுத்தியலால் தட்டுவார்கள். அலுமினிய அச்சு மென்மையானது, தேய்த்தால் தேய்ந்ததுதான். அச்சில் கை வைப்பதற்கு முன் வார்த்த குண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோளாறு எங்கே என்று பெரும்பாலும் அதன் மேல்தோலே காட்டிவிடும்.

தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, ஓரங்கள் மழுங்கி இருந்தால் அச்சில் சூடு போதவில்லை. ஈயம், அதாவது காரீயம், 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதைவிட ஐம்பது, அறுபது டிகிரி கூடுதலாக இருந்தால் நன்றாகவே ஓடும். ஆனால் குளிர்ந்த அச்சில் பட்டதும் மூலை நிரம்பும் முன்பே உறைந்துவிடும். இந்த இடத்தில் பலரும் அடுப்பைக் கூட்டுகிறார்கள். அதனால் சட்டியில் கசடுதான் கூடும். சூடேற வேண்டியது அச்சு. அடுப்பின் பக்கத்தில் வைத்து அதைச் சூடாக்குங்கள், முதலில் வரும் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிடுங்கள். நாலைந்து வார்ப்புக்குள் சுருக்கம் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. புது அச்சில் தடவிய எண்ணெய் அப்படியே இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்த பிறகுதான் அடுத்த வார்ப்பு.

குண்டு பனி படிந்தாற்போல் வெளுத்து வந்தால் நேர்மாறு: அச்சு அதிகம் சூடேறிவிட்டது. தூண்டில் குண்டுக்கு இது ஒரு குறையே இல்லை. கொஞ்சம் நிதானமாக ஊற்றினால் சரியாகிவிடும்.

ஊற்றுவாய்ப் பக்கம் குழி விழுகிறதா? காரீயம் உறையும்போது சுமார் மூன்றரை சதவீதம் சுருங்கும். வாய் மட்டத்தோடு நிறுத்தினால் அந்தக் குறை குண்டுக்குள்ளே குழியாகத்தான் வந்து நிற்கும். வாயின் மேல் சிறு மேடு நிற்கும்படி ஊற்றி, அதன் பளபளப்பு மங்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இன்னும் கூழாக இருக்கும்.

சுற்றிலும் பிசிறு வந்தால் அச்சின் இரண்டு பாதியும் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். சேரும் முகத்தில் கடுகளவு ஈயம் ஒட்டியிருந்தாலே போதும். அதை மரக்குச்சியால் தள்ளுங்கள், கத்தி வேண்டாம். மாட்டும் கம்பி வளையம் அதற்கான பள்ளத்தைவிடத் தடிமனாக இருந்தாலும் இதேதான். ஒரே மூலை திரும்பத் திரும்ப நிரம்பாமல் போனால் காற்று வெளியேறும் கோடு அடைத்திருக்கும். குண்டு எளிதில் கழன்று வரட்டும் என்று மெழுகுவத்திப் புகை பிடிப்பார்கள் அல்லவா, அந்தக் கரி அளவு மீறினால் போய் அடைப்பது அங்கேதான்.

சில சமயம் கோளாறு சட்டியில் இருக்கும். டயர் கடையில் வாங்கும் பழைய வீல் வெயிட்டுகளில் (சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டும் எடைத் துண்டுகள்) துத்தநாகமும் கலந்திருக்கும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், ஈயத்தைவிட எடையும் குறைவு. அதனால் சட்டியை 400-க்குக் கீழே வைத்தால் அது மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் ஈயம் ரவை உப்புமா போல் தடித்துவிடும். அப்புறம் எந்த அச்சும் நிரம்பாது. பழைய பேட்டரித் தகடுகளைத் தொடவே தொடாதீர்கள். அமிலம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கசட்டில் ஈரம் பட்டால் ஆர்சீன் போன்ற நச்சு வாயு கிளம்பலாம்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஈரம். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு நீர் சிக்கினாலும் அது ஆவியாகி ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியிலிருப்பது முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை வெயிலில் காயவைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர். வெயில் அதை வெளியேற்றாது, உருகிய ஈயம் வெளியேற்றும். குண்டில் குமிழி விழுவதற்கு அதுதான் காரணம், தெறிப்பதற்கும் அதுதான். என்னைக் கேட்டால் உலோக அச்சே வாங்கிவிடுவது நல்லது. சட்டியில் உருகிக்கொண்டிருக்கும்போது புதுத் துண்டு சேர்க்க வேண்டியிருந்தால், அதையும் முதலில் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடுகாட்டிவிட்டுப் போடுங்கள்.

வார்ப்பது வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். சமையலறை ஆகாது, அந்த இரும்புச் சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகவும் கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு மூன்றும் கட்டாயம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள். புகைக்குப் பயப்படுகிற பலர் கசட்டுப் பொடியை மறந்துவிடுகிறார்கள். கையில் ஒட்டி, கை வாய்க்குப் போய், உடம்பில் சேர்வது அது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எல்லாம் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கசட்டையும் மூடி போட்ட தகரடப்பாவில் போட்டு, ஈயம் என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.