போர் விமானத்தைக் கண்ணுக்கு மறைத்தல்: மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் விமானங்களின் உருமறைப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் இடறுவது நிறத்தில்தான். வானம் நீலம், ஆகவே நீலம் பூசினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். பல கிலோமீட்டர் தொலைவில் புள்ளியாக வரும் விமானத்தில் கண் முதலில் உணர்வது நிறத்தை அல்ல. அதன் ஒளிர்வுக்கும் பின்னாலுள்ள வானத்தின் ஒளிர்வுக்கும் இடையிலான வேறுபாட்டையே. பகலில் ஒரு வெள்ளை அட்டையை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அது கறுத்துத் தெரியும். வெறும் பூச்சினால் வெளிச்சத்தை உண்டாக்க முடியாது.

இதை உணர்ந்த அமெரிக்கக் கடற்படை, இரண்டாம் உலகப்போரின்போது 'யெஹூடி' என்ற திட்டத்தின் கீழ் அவெஞ்சர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை முன்விளிம்புகளில் முன்னோக்கி ஒளிரும் விளக்குகளைப் பொருத்தியது. நீர்ப்பரப்பில் மிதக்கும் நீர்மூழ்கிக் கப்பல், விமானத்தைக் கண்டவுடன் மூழ்கிவிடும் என்பதால் அதற்கு அவகாசம் தராமல் நெருங்குவதே நோக்கம். சுமார் 19 கி.மீ. தொலைவிலேயே தென்பட்டுவந்த விமானம், விளக்குகளை வானத்தின் ஒளிர்வுக்கு ஈடாகக் கூட்டிக் குறைத்தபோது, ஏறத்தாழ 3 கி.மீ. வரை நெருங்கும்வரை கண்ணில் படவில்லை. என்னை இன்றும் வியக்கவைக்கும் சோதனை இது.

ஆனால் அந்த எண்ணை எல்லாத் திசைக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒளிக்கற்றை குறுகலாக வைக்கப்பட்டதால், விமானி இலக்கை நோக்கி மூக்கை நேராக வைத்திருக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது வழக்கமான விமானமே. 1973இல் ஃபாண்டம் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் ஒன்பது விளக்குகளோடு நடந்த 'காம்பஸ் கோஸ்ட்' சோதனையிலும் தென்படும் தூரம் சுமார் 30 சதவீதமே குறைந்தது.

இரவுக்குக் கறுப்பே பொருத்தம் என்பதும் அப்படிப்பட்ட ஓர் அவசர முடிவுதான். ஜெர்மானிய இரவுநேரப் போர் விமானங்கள் முதலில் கறுப்பாகவே பறந்தன. இரவு வானத்தைவிடக் கறுப்பு அடர்த்தியாக இருந்து விமானத்தைத் தனித்துக் காட்டியதால், பின்னர் வெளிர் சாம்பலுக்கு மாறின. ஒளி ஊடுருவும் உடலும் தீர்வல்ல. 1917இல் பறந்த ஜெர்மனியின் லிங்கெ-ஹோஃப்மன் குண்டுவீச்சு விமானத்தின் உடலில் செல்லான் என்ற கண்ணாடி போன்ற உறை போர்த்தப்பட்டிருந்தது. வெயில் பட்டதும் அது பளபளத்துக் காட்டிக்கொடுத்தது, நாளடைவில் மஞ்சளித்தும் போனது. விமானத்தின் உடலில் பொருத்தி வானத்தின் ஒளிர்வுக்கு ஈடாக ஒளிரவைக்கும் இன்றைய பலகைகளைப் பற்றிப் பேசுவோரும் விமானி அறைக் கண்ணாடியின் மினுக்கத்தையும், உயரத்தில் பின்னால் நீளும் வெண்புகைத் தடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரேடார் வந்துவிட்டதால் கண்ணுக்கு வேலையில்லை என்று தள்ளுவதும் தவறு. கனடாவின் சிஎஃப்-18 விமானங்களின் அடிப்புறத்தில் விமானி அறையின் உருவம் போலியாக வரையப்பட்டுள்ளது. அது விமானத்தை மறைப்பதற்காக அல்ல. நெருங்கிய சண்டையில், எதிரே உள்ளவர் தாம் பார்ப்பது மேற்புறமா அடிப்புறமா, விமானம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று ஒரு கணம் தடுமாறுவதற்காக.