பக்கத்து வீட்டு நாய் கயிறில்லாமல் பாய்ந்து வந்தால்

ஓடாதீர்கள், ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நின்ற இடத்தில் நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். பை, குடை எது கையில் இருந்தாலும் உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடியுங்கள். அது தணிந்ததும் முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடுங்கள். கல்லெறிய வேண்டாம்: அடுத்த முறை உங்களைக் கண்டாலே குரைத்துக்கொண்டு வரும்.

கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டும். ‘வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கு’ என்ற பேச்சை நம்பி நாள் கடத்துவதுதான் பெரிய தப்பு.

உரிமையாளரிடம் பேசும்போது ‘நாயை அனுப்பிவிடுங்கள்’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். கேட் தாழ்ப்பாள், கயிறு, வெளியே வந்தால் வாய்மூடி: இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பலனில்லையா? தேதி, நேரம், வீடியோவோடு எழுத்தில் புகார் கொடுங்கள்; ‘அடிக்கடி துரத்துகிறது’ என்ற பொத்தாம்பொதுப் புகார் நிற்காது. சென்னை மாநகராட்சிக்கு 1913. காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியக் குற்றவியல் சட்டம்) 291ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்: வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.