மோட்டார் கத்துது, ரயில் நகரல: பொம்மை ரயிலோட கியர நாமளே மாத்துறது எப்படி

தங்கச்சி பையன் ஒரு ரயில் வெச்சிருக்கான், ஒரே ஒரு ஏஏ செல் போட்டா பிளாஸ்டிக் தண்டவாளத்துல ஓடுற டைப். போன வாரம் அத கொண்டு வந்து என் மடியில போட்டு "மாமா, கத்துது ஆனா போக மாட்டேங்குது"ன்னான். அந்த ஒரு வரியிலயே பாதி விஷயம் தெரிஞ்சு போச்சு.

ஸ்டெப் 1: மொதல்ல காத குடுங்க, ஸ்க்ரூட்ரைவர் அப்புறம்

சுவிட்ச் போட்டா சத்தமே இல்லன்னா கியர் பக்கம் போகவே வேணாம், செல் தீந்திருக்கும் இல்லன்னா செல் ஒழுகி அந்த தகடு பூத்துப் போயிருக்கும், பட்ஸ்ல கொஞ்சம் எலுமிச்ச சாறு தொட்டு தேச்சு நல்லா காய வெச்சுப் பாருங்க. 'ம்ம்ம்'னு முனகிட்டு சுத்தலன்னா எங்கயோ இறுகியிருக்கு, பத்துக்கு ஆறு தடவ அச்சுல சுத்துன தலமுடிதான் (எங்க வீட்டுல எல்லாம் நீள முடி, கேக்கவே வேணாம்). 'வ்ர்ர்ர்'னு வேகமா கத்துது, சக்கரம் மட்டும் சும்மா இருக்கு, இல்ல 'டிக் டிக் டிக்'னு விக்கி விக்கி போகுதுன்னா அதுதான் கியர் பிரச்சன, இந்தப் பதிவே அதுக்குத்தான்.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. சில ரயில்ல உள்ள ஒரு கிளட்ச் கியர் இருக்கும், சக்கரத்த கையால புடிச்சா 'டக் டக்'னு வழுக்கிக்கும், மோட்டாரக் காப்பாத்த வேணும்னே அப்படி வெச்சது. புடிச்சா மட்டும் சத்தம் வந்து விட்டா ஒழுங்கா ஓடுதுன்னா அது ரிப்பேரே இல்ல.

ஸ்டெப் 2: பிரிக்கிறது

புள்ள தூங்குனதுக்கு அப்புறம் பண்ணுங்க, சின்ன சின்ன பார்ட்ஸ், வாயில போட்டுக்கும். செல்ல எடுத்துட்டு, ஒரு எவர்சில்வர் தட்டுல வெச்சு அடியில இருக்குற சின்ன ஸ்டார் ஸ்க்ரூவ கழட்டுங்க. கியர் பாக்ஸ் மூடிய தூக்கினதும் எதையும் தொடாம மொபைல்ல ரெண்டு போட்டோ. சத்தியமா சொல்றேன், அந்த போட்டோ இல்லாம எந்த கியர் மேல எது கீழன்னு ஒரு மணி நேரம் மண்டைய ஒடச்சிருக்கேன்.

ஸ்டெப் 3: குற்றவாளிய புடிக்கிறது

பெரிய கியருங்கள சந்தேகப்படாதீங்க, அதுங்க பெரும்பாலும் நல்லாதான் இருக்கும். மோட்டார் அச்சுல மாட்டியிருக்குற குட்டியூண்டு கியர் இருக்கு பாருங்க, பினியன்னு சொல்வாங்க, அதப் பாருங்க. அத அச்சவிட கொஞ்சம் சின்ன ஓட்டையா வெச்சு இறுக்கி அழுத்தி மாட்டியிருப்பாங்க, அதனால பிளாஸ்டிக் எப்பவுமே இழுபட்ட நெலமையிலயே இருக்கும், உள்ள இருக்குற இரும்பு அச்சு ஒரு பொட்டு கூட விட்டுக் குடுக்காது, வருஷம் போகப் போக ரெண்டு பல்லுக்கு நடுவுல முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்துரும். விரிசல் விழுந்ததும் பிடி போச்சு, அச்சு தனியா சுத்தும், கியர் சும்மா நிக்கும். கொஞ்சம் பிடி மிச்சம் இருந்தா, விரிஞ்ச இடத்துல பல்லு இடைவெளி கூடிப்போய் ஒவ்வொரு சுத்துக்கும் அடுத்த கியர்ல இடிக்கும், அதுதான் அந்த 'டிக் டிக்'. பொம்மையில மட்டும்தான் இப்படின்னு நெனைக்காதீங்க, பெரியவங்க ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குற 1:87 அளவு மாடல் ரயில்லயும் இதே வியாதி உண்டு.

வெறும் கண்ணுக்குத் தெரியலன்னா மொபைல் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க. இல்ல கியர விரல்ல புடிச்சு திருகுங்க, அச்சோட சேராம தனியா திரும்புனா முடிஞ்சுது.

ஸ்டெப் 4: சூப்பர் க்ளூ வேணாம், ப்ளீஸ்

நானும் மொதல்ல அதான் பண்ணேன். ஒரு சொட்டுதான் வெச்சேன், அது அச்சு வழியா உள்ள இறங்கி மோட்டார் புஷ்ல (அச்சு சுத்துற அந்த சின்ன வளையம்) ஒட்டி, கியரோட சேத்து மோட்டாரும் காலி. ஒட்டுனாலும் அந்த விரிசல் இடைவெளி அப்படியேதான் இருக்கும், டிக் டிக் போகாது.

ஸ்டெப் 5: சரியான கியர் வாங்குறது

பல்லு எண்ணுங்க, பெரும்பாலும் 8 இல்ல 10 இருக்கும். அப்புறம் வெளி விட்டம் அளந்து, பல்லு எண்ணிக்கையோட 2 கூட்டி, அதால வகுங்க. 8 பல்லு, 5 மி.மீ. விட்டம்னா 5-ஐ 10-ஆல வகுத்தா 0.5, இதுதான் மாட்யூல், அதாவது பல்லோட சைஸ். இது ஒத்துப்போகலன்னா பல்லோட பல்லு சேராது. இந்த சைஸ் ரயில்ல நெறைய இடத்துல வர்றது 130ங்கிற சைஸ் மோட்டார்தான், அச்சு 2 மி.மீ. கியர் பாக்கெட்ல '82ஏ'ன்னு போட்டிருந்தா 8 பல்லு, 2 மி.மீ. அச்சு, இறுக்கமான ஓட்டைன்னு அர்த்தம், 'பி'ன்னா லூசு. நமக்கு வேண்டியது ஏ. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல காலேஜ் ப்ராஜெக்ட் சாமான் விக்கிற கடையில கேளுங்க, ஆன்லைன்ல கலவையா ஒரு பாக்கெட்டா வரும், மிச்சம் அடுத்த பொம்மைக்கு.

ஸ்டெப் 6: மாட்டுறது

பழசு விரிஞ்சிருந்தா விரலாலயே கழண்டு வரும். புதுச ஒரு நிமிஷம் சுடுதண்ணியில போட்டு எடுத்து ஈரத்தத் தொடச்சிட்டு, அச்சுல நேரா வெச்சு அழுத்துங்க. சுத்தியல் வேணாம். மோட்டாருக்குப் பின்னாடி அச்சு நுனி லேசா வெளிய தெரியும், அது கெட்டியான எடத்துல முட்டுற மாதிரி வெச்சு அழுத்துங்க, மோட்டார் மூடிய தாங்கலா வெச்சா மூடி கழண்டு, உள்ள கரண்ட் குடுக்குற பிரஷ் தகடெல்லாம் வளைஞ்சிரும். கியர் மோட்டார் ஒடம்புல ஒட்டக்கூடாது, நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு போற அளவு கேப் விடுங்க.

ஸ்டெப் 7: கிரீஸ், மூடி, டெஸ்ட்

பிளாஸ்டிக்குக்கு ஏத்த வெள்ள சிலிக்கான் கிரீஸ், அரிசி அளவு, பல்லுல மட்டும். தேங்கா எண்ணெய் வேணாம், குளிருக்கு உறையும், தூசி சேந்து களிம்பாயிரும். போட்டோவப் பாத்து கியருங்கள அடுக்கி, சக்கரத்தக் கையால தள்ளிப் பாருங்க, எங்கயும் இடிக்காம மெதுவா சுத்தணும். ஒயர் மூடிக்கு நடுவுல மாட்டாமப் பாத்து ஸ்க்ரூ போடுங்க, பிளாஸ்டிக் மரை, ரொம்ப முறுக்குனா வழண்டுரும்.

செல்லப் போட்டு விட்டேன், ஜம்முன்னு ஓடுச்சு, ஆனா பின்னாடி. வழியில மோட்டார் ஒயர் அறுந்து மறுபடி சால்டர் வெச்சப்ப மாத்தி வெச்சிருக்கேன். ரெண்டு ஒயரையும் இடம் மாத்துனா சரியாயிரும்னு ஸ்க்ரூட்ரைவர எடுத்தேன், தங்கச்சி பையன் ரயிலக் குடுக்கல, ரிவர்ஸ்ல போற ரயில் வேற யாருகிட்டயும் இல்லயாம்.