செடி கத்துற இன்ஸ்டலேஷன்: இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

செடியத் தொட்டா சத்தம் வரும், நிழல் விழுந்தா ஸ்க்ரீன்ல பூ பூக்கும்னு புதுசா இன்ஸ்டலேஷன் (பாக்க வர்றவங்களுக்கு பதில் சொல்ற கலைப்படைப்பு) பண்றவங்க வேலைய நிறைய பாக்குறேன், ஒரு காலத்துல நான் பண்ண அதே கூத்துதான். வயர் கழண்டுச்சு, சாஃப்ட்வேர் லைப்ரரி ஏறலங்கிற கதையெல்லாம் இங்க வேண்டாம், அது தானா பழகிடும்.

ஆளில்லாத ரூம்ல த்ரெஷோல்ட் வைக்கிறது

இன்னைக்கும் எனக்கு கடுப்பேத்துறது இதுதான். ராத்திரி யாருமில்லாதப்ப இலையத் தொட்டுப் பாத்துட்டு, செடில மாட்டுன டச் சென்சாரோட ரீடிங் இவ்ளோ தாண்டுனா (அதான் த்ரெஷோல்ட்) தொட்டாங்கன்னு அர்த்தம்னு புரோகிராம்ல ஒரே நம்பர அடிச்சுட்டுப் போயிடுவாங்க. காலைல யாரோ தொட்டிக்கு தண்ணி ஊத்துவாங்க, மண்ணு ஈரமானதும் ரீடிங் மொத்தமும் ஏறிடும், யாரும் தொடாமலே செடி கத்தும். மண்ணு காஞ்சா கட்டிப்புடிச்சாலும் சத்தம் வராது. ஒரு ஷோல இப்படி செடி விடாம அலறுது, செஞ்ச பையன் வால்யூமக் குறைக்கிறான், அப்பவும் அடங்கலன்னு தொட்டில "தண்ணி ஊத்தாதீர்கள்"னு சீட்டு ஒட்டிட்டான்! இயற்கைய நேசிக்கச் சொல்ற படைப்புல செடி வாடிப்போய் நிக்குது.

நிலையான நம்பரே வேண்டாம். கடைசி சில நிமிஷத்து சராசரிய பேஸ்லைனா வச்சுக்கிட்டு, அதுலருந்து சட்டுனு எவ்ளோ எகிறுதுன்னு மட்டும் பாருங்க, ஏன்னா மண்ணு மெதுவாத்தான் மாறும், கை சட்டுனு வரும். தொட்டுட்டு இருக்கும்போது மட்டும் சராசரிய அப்டேட் பண்ணக்கூடாது, இல்லன்னா ரொம்ப நேரம் புடிச்சிருக்கிற கையையும் அது மண்ணுக் கணக்குல சேத்துடும். லேப்டாப்ப பேட்டரில ஓட்டி டெஸ்ட் பண்ணிட்டு ஷோல அடாப்டர் மாட்டுனாலும் கிரவுண்டிங் (எர்த் கனெக்‌ஷன்) மாறி ரீடிங் மாறும், எதுல ஓடப்போகுதோ அதுலயே டெஸ்ட் பண்ணுங்க.

செடிய சுவிட்ச் ஆக்குறது

தொட்டா சத்தம், விட்டா அமைதி. அப்போ காலிங் பெல்லே போதுமே? 1992லயே சொம்மரர், மின்யோனோங்கிற ரெண்டு கலைஞர்கள் நிஜச் செடிகள வச்சு, கை கிட்ட வர்றதப் பொறுத்து ஸ்க்ரீன்ல செடி வேற வேற மாதிரி வளர்ற மாதிரி பண்ணிட்டாங்க. டீம்லேப்ங்கிற ஜப்பான் கலைக்குழுவோட சில படைப்புகள்ல நாம அசையாம நின்னா பூ பூக்கும், தொட்டா உதிரும். தொடாம இருக்கிறவனுக்கும் ஒரு பதில் இருக்கு பாருங்க, மண்டைய அங்கதான் கசக்கணும்.

கறுப்பு டிரஸ்ஸ மறக்குறது

சில கறுப்புத் துணி இன்ஃப்ராரெட்ட முழுங்கிடும், இன்ஃப்ராரெட்ட வச்சு தூரம் அளக்குற டெப்த் கேமராவுக்கு ஆளே தெரியாது. ஆள் நிக்கிற எடத்துல மட்டும் மழை நிக்கணும்ங்கிற 'ரெயின் ரூம்' மாதிரி வேலைன்னா வந்தவரு தொப்பலா நனைஞ்சுட்டுத்தான் போவாரு.

சுவத்துல ரெண்டு பக்க விளக்கம்

யாரும் படிக்கல.

பிளாஸ்டிக் செடி

வேண்டாம்ங்க.